குனிந்து செல்லவும்

கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் காய்ந்து கிடந்த சோகைக்குத் தீ வைத்து, அது மூன்று நாள் புகைந்து, நான்காம் நாள் ஒரு தூறல் போட்டு, கருகின கட்டைகளிலிருந்து மறுதாம்புக் குருத்து விரல் நீளம் எட்டிப் பார்த்த ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், அந்தச் சாம்பலுக்கு நடுவே அது நின்று மேய்ந்துகொண்டிருந்தது. குருவியேந்தலில் யாரும் அலறவில்லை. யார் வீட்டு மாடு என்றுதான் முதலில் கேட்டார்கள். கொல்லைக்குச் சொந்தக்காரர் தெய்வசிகாமணி. மூன்று தடவை ஊராட்சித் தலைவராக இருந்தவர், ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவர், மீதிப் பேரை வேலை கேட்க வைப்பவர். அவிழ்த்து விட்டவன் எவனோ அவன் வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார், மத்தியானம் வரை பொறுத்தார், யாரும் வராததால் எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் தனவேல், கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்பதால் மற்ற நாளெல்லாம் இந்த ஊர் மாடுகளுக்கு நான்தான் டாக்டர். பயந்த சுபாவம் உள்ளவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நன்றாக இருக்காது.

வேலிக்கு வெளியே நின்று கண்ணால் அளந்தேன்: மூக்கிலிருந்து வால் நுனி வரை பதினெட்டு அடி, உயரம் என் மார்பு வரை, அகலம் மட்டும் ஒரு டிராக்டர் டிரெய்லரை அடைக்கும். முதுகெல்லாம் எலும்பு. ஆமைக்கு இருப்பதுபோல ஒரே மூடியாக இல்லை. உள்ளங்கை அகலம், தட்டு அகலம், முறம் அகலம் என்று வரிசை வரிசையாகத் தோலுக்குள்ளேயே முளைத்த எலும்புத் தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முகடு, தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் நொய் கொட்டினது மாதிரி சிறு சிறு எலும்பு மணிகள், அந்த மணிகள் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய உடம்பு வளையவும் திரும்பவும் முடிந்தது. கழுத்தில் அரைவட்டமாக இரண்டு எலும்பு வளையம், பின்மண்டையின் ஓரங்களில் தடித்த கொம்புகள், கண்ணின் இமைகூட எலும்பு. ஈ மொய்த்தால் இமை டக்கென்று இறங்கும், அந்தச் சத்தம் பத்தடிக்குக் கேட்கும். வாலின் முன்பாதி மாட்டு வால் போல ஆடும். பின்பாதி ஆடாது, எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உலக்கை மாதிரி விறைத்து நிற்கும், அந்த உலக்கையின் முனையில் இரண்டு ஆட்டுக்கல்லைச் சேர்த்து ஒட்டின அளவுக்கு ஒரு குண்டு. இத்தனை கவசமும் போட்டு அனுப்பியவன் அடிவயிற்றை மட்டும் மறந்துவிட்டான். அங்கே ஒரு தகடும் கிடையாது, கன்றுக்குட்டியின் தாடைக்கடியில் இருப்பது போன்ற மெத்தென்ற தோல்தான்.

வாய் மண்வெட்டி அகலம். ஆனால் பற்கள் சின்னச் சின்ன இலை மாதிரி, எண்ணினால் நிறைய, அரைக்கத்தான் லாயக்கில்லை. அதனால் அது கடித்ததை அதிகம் மெல்லாமல் விழுங்கிவிடும், மீதி வேலையை வயிறு பார்த்துக்கொள்ளும், வெல்லக் கொப்பரை கொதிக்கிற மாதிரி அந்த வயிறு பொழுதுக்கும் கொதித்துக்கொண்டே இருக்கும். சாணத்தைக் கரைத்துப் பார்த்தேன். கரும்புக் குருத்து, எரிந்த சோகையின் கரித்துண்டு, அவற்றைவிட அதிகமாக ஆரைக்கீரை. எங்கள் பெண்கள் வாய்க்காலில் கிள்ளி வந்து கடைகிறார்களே, நாலு இலை வைத்த அதே ஆரைக்கீரை. அதன்மேல் அதற்கு உயிர். இரண்டாம் நாளே கொல்லையை விட்டு நகர்ந்து, கீரை மண்டிக் கிடந்த மதகடிக்குப் போய்விட்டது, பிறகு அங்கிருந்து நகரவே இல்லை.

மதகு என்றால் எங்களுக்கு வாசல் மாதிரி. இந்தப் பக்கம் ஊரும் பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும் மருந்தகமும், அந்தப் பக்கம் காலனியும் அதைத் தாண்டிப் பாதிக் கொல்லைகளும். நடுவில் ஓடும் வாய்க்காலைக் கடக்க மதகைத் தவிர வேறு வழி வேண்டுமென்றால் அணைக்கட்டு வரை போய்ச் சுற்றி வரவேண்டும், அது மூன்று மணி நேர நடை. மதகுக்கு இரண்டு பக்கமும் இருபது அடி தூரத்துக்கு, அதன் வால் எட்டாத இடமே இல்லை.

முதல் வாரத்தில் மூன்று பேருக்குக் கால் போனது. தெய்வசிகாமணியின் மைத்துனருக்கு, பால் எடுக்கிறவருக்கு, மோட்டார் கொட்டகைக்கு நடந்து போன ஒருவருக்கு. மூவருக்கும் முழங்காலுக்குக் கீழே, ஒரே அடி, இரண்டு துண்டு. நான்காவதாகப் போனவர் மாரியம்மன் கோயில் பூசாரி. பயத்தில் வேட்டி தடுக்கி அவர் குப்புற விழுந்தார். தலைக்கு மேலே விர்ரென்று வந்த குண்டு அப்படியே நின்றது, மெல்ல இறங்கியது, தரையில் படுத்துக்கொண்டது. அவர் தவழ்ந்தே வீடு வந்து சேர்ந்தார். திருநீறு பூசித் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "விழுந்தேன், வுட்டுட்டாரு" என்பது.

எங்கள் ஊருக்கு அது உடனே புரிந்துவிட்டது, அப்படி உடனே புரிந்ததுதான் தப்பு. நின்றால் அடிக்கிறவர், விழுந்தால் விட்டுவிடுகிறவர் என்றால் அவர் பெரிய மனுஷராகத்தான் இருக்க வேண்டும். பெரிய மனுஷர்களை நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் அடையாளம் கண்டு வந்திருக்கிறோம். மாலை போடப் போனால் விழுவோம், வேலை கேட்கப் போனால் விழுவோம், பதவி கிடைத்தால் விழுவோம், பறிபோனாலும் விழுவோம். வாழ்நாளெல்லாம் அசையும் காதுகளையும் துடிக்கும் விலாவையும் பார்த்தே மாட்டின் மனசைப் படித்த நானும் அதை நம்பினேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் 'அய்யா' என்றும் 'அவர்' என்றும் சொன்னார்கள். காலனியில் மட்டும் 'அது' என்றே சொன்னார்கள்.

வனத்துறை வந்தது. பட்டியலில் இல்லாத விலங்கைப் பிடிக்க உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து போனது. வருவாய்த்துறை வந்து, நிலத்தில் இருந்தாலும் இது நிலம் சம்பந்தப்பட்டது அல்ல என்று எழுதிக்கொண்டு தவழ்ந்து போனது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இது டைனோசரில் ஒரு வகை, செடி கொடி தின்கிற ஜாதி, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போய்விட்டது என்று விளக்கினார். செத்துப்போனால் வரக்கூடாதா என்று கேட்டார்கள். புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு அவரும் தவழ்ந்து போனார்.

பங்குனி பிறப்பதற்குள் அது ஊரின் வழக்கமாகிவிட்டது. மதகுக்கு இரண்டு பக்கமும் தெய்வசிகாமணி தம் செலவில் பலகை வைத்தார், மஞ்சளில் கறுப்பெழுத்து, 'குனிந்து செல்லவும்'. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பலகை வரை நடந்து, தூக்குப்போசியை முதுகில் கட்டிக்கொண்டு, கையும் காலும் ஊன்றி வரிசையாகப் போவார்கள்; அந்தப் பக்கம் போனதும் எழுந்து, கைமண்ணைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பட்டும் மாலையுமாகத் தவழ்ந்தார்கள், நாதஸ்வரக்காரர் ஒரு கையை ஊன்றி மறுகையில் வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். கார் வைத்திருந்தவர்கள் மட்டும் காரிலேயே போனார்கள். காரை அது ஏறிட்டும் பார்க்கவில்லை, டிராக்டரையும் பார்க்கவில்லை. வசதி உள்ளவர்கள் குனிய வேண்டாம் என்பதும் எங்களுக்குப் பழகின விஷயம்தான், அதை யாரும் ஒரு கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

முட்டி தேய்ந்தது. அதற்குச் சாக்கை நாலாக மடித்து உள்ளே பழந்துணி வைத்துப் பட்டை தைத்துக் கொடுத்தவள் அஞ்சலாட்சி. காலனிப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிஷின் போட்டிருந்தாள். நாலு வயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிப் போய், இரண்டு அக்குளிலும் தாங்குகட்டை வைத்துத்தான் நடப்பாள். ஊர் முழுக்கத் தவழ்ந்து போன மதகில் அவள் ஒருத்தி மட்டும் தினம் இரண்டு வேளை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள். டக், டக் என்று கட்டை ஊன்றி, அதன் மூக்குக்கு முன்னாலேயே போவாள், அது கீரை மேய்ந்துகொண்டே இருக்கும். கால் விளங்காதவள், அய்யாவுக்கு இரக்கம் என்று ஊர் சொல்லியது.

அவளுடைய அப்பன் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால் நாலாவதையாவது எமன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்த பேர். கரும்பு வெட்டுகிற ஆள், அறுபது தாண்டியவர், நெடுநெடுவென்று வளர்ந்தவர். அது மதகடிக்கு வந்த நாளிலிருந்து அவர் மதகைக் கடக்கவில்லை. வேலை இருந்தால் விடியலில் கிளம்பி அணைக்கட்டைச் சுற்றி வந்தார், இல்லையென்றால் வீட்டில் இருந்தார். மகள் அவருக்கும் ஒரு ஜோடி முட்டிப்பட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை அடுப்பில் போட்டுவிட்டார்.

"எங்கப்பன் இதே மதவுல செருப்பக் கையில எடுத்துக்கினு குனிஞ்சி போனவன். அறுவது வருசம் குனிஞ்சான். செத்தப்பறந்தான் நாலு பேரு அழுத்திப் புடிச்சி முதுவ நேராக்கிப் படுக்க வச்சோம். நான் குனிய மாட்டன்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் சுற்றியே போய் வந்துகொண்டிருப்பார். பங்குனி உத்திரத்தன்று காலை பத்து மணிக்கு ஊரும் காலனியும் சேர்ந்து அய்யா முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், வராதவனுக்கு இனி தம் கொல்லையில் வேலை இல்லை என்று தெய்வசிகாமணி சொல்லி அனுப்பினார். சொல்லப் போனவனிடம் மண்ணாங்கட்டி சொன்ன பதில் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "வர்றன்னு சொல்லு. நிமுந்துக்கினே வர்றன்னு சொல்லு."

உத்திரத்துக்கு அப்போது ஆறு நாள் இருந்தது. அந்த உயரத்துக்கு அந்தக் குண்டு எங்கே படும் என்று நான் மனசுக்குள் அளந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் அறுபது தாண்டின எலும்பு இனி ஒட்டாது.

மறுநாள் காலை அஞ்சலாட்சி மருந்தகத்துக்கு வந்தாள். கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊசி போடும் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கறன். சிரிக்கக் கூடாது."

"கேளும்மா."

"அது யாருக்காவது பயப்படுமா?"

"பயமா? அத்தனை எலும்பப் போட்டுக்கினு அது எதுக்குப் பயப்படணும்?"

"பயம் இல்லன்னா எதுக்கு சார் அத்தினி எலும்பு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் மேலும் சொன்னாள். "நீங்கல்லாம் தலையக் கவுத்துக்கினு போறீங்க, பாக்க மாட்டீங்க. நான் பாக்கறன். கை வலிச்சா மதவுக் கட்டையில குந்தறன், பக்கத்துலதான் அது நிக்கும். தூரத்துல யாரு நிமுந்து வந்தாலும் அதுக்கு அடிவயிறு படபடன்னு அடிச்சிக்கிது சார். மூச்சு எரையுது. காலப் பரப்பிக்கினு வயித்த மண்ணோட மண்ணா அழுத்திக்கிது. அப்பறந்தான் வால் எழும்புது. அவன் குனிஞ்சதும் வயிறு அடங்கிடுது. மாடு போனா ஒண்ணும் இல்ல. டிராக்டர் போனா ஒண்ணும் இல்ல. நான் போனா ஒண்ணும் இல்ல. அது கோவத்துல அடிக்கல சார், பயந்துபோயி அடிக்கிது."

மேசையில் கிடந்த படப் புத்தகத்தை எடுத்தேன். அதுவரை நான் நம்முடையதன் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அடுத்த பக்கத்தில் அதைத் தின்கிறவை இருந்தன. எல்லாமே இரண்டு காலில் நடப்பவை. பின்னங்காலில் நிமிர்ந்து, தலையை உயர்த்தி, பக்கவாட்டில் வந்து, புரட்டிப் போட்டு, அந்த மெத்தென்ற வயிற்றைக் கிழிப்பவை. எத்தனையோ கோடி வருஷமாக அதன் ரத்தத்துக்குத் தெரிந்த ஒரே பாடம், இரண்டு காலில் நிமிர்ந்து வருவது எதுவாக இருந்தாலும் தன்னைத் தின்ன வருகிறது என்பது. நாலு காலில் வருவது தன்னைப் போல மேய வந்த ஜீவன்.

"உனக்கு ரெண்டு காலு, ரெண்டு கட்டை" என்றேன்.

"நாலு" என்றாள் அஞ்சலாட்சி.

வேலியிலிருந்து இரண்டு மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு போனோம். அவள் சொல்லிக் கொடுத்தாள், எந்தக் கட்டை முன்னால், எந்தக் கால் பின்னால் என்று. பலகையைத் தாண்டி முதல் அடி வைத்தபோது என் வேட்டி நனைந்துவிட்டது என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இமை டக்கென்று இறங்கி ஏறியது. வயிறு கொப்பரை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது, வேறு எந்த நடுக்கமும் இல்லை. பிறகு தலையைத் திருப்பி, வாய்க்கால் ஓரத்துக் கீரையை அகலமாக ஒரு வாய் வாரியது.

ஓடினேன், ஊரைக் கூட்டினேன், சொன்னேன். ஆளுக்கு இரண்டு கழி போதும், யாரும் தவழ வேண்டாம், முட்டி தேய வேண்டாம், நானே நடந்து பார்த்தேன், வேண்டுமானால் இன்னொரு முறை நடக்கிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் சார், நல்லாக் கீற காலை வச்சிக்கினு நொண்டி மாரி நடக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார் பால் எடுக்கிறவர். அவருடைய கால் இன்னும் மாவுக்கட்டில்தான் இருந்தது.

அஞ்சலாட்சி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அய்யா முன்னால் கழியோடு போவது மரியாதைக் குறைவு என்றார் தெய்வசிகாமணி, அத்தோடு பேச்சு முடிந்தது. நாலு காலில் தவழ ஒப்புக்கொண்ட ஊர், அவளைப் போல நடக்க ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாக எங்கள் நடுவில் அவள் எப்படி நடந்து வந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, உறைத்தும் நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

ஊர் போகட்டும், அப்பன் கேட்பார் என்று அவள் நம்பினாள். அன்று சாயங்காலமே இரண்டு கழியை இழைத்து, நுனியில் ரப்பர் சுற்றிக் கொண்டுபோனாள். மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"கட்டையப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. 'எனக்குக் காலு நல்லாத்தான் இருக்குது'ன்னாரு. அவ்ளோதான் சார்." சொல்லிவிட்டு மிஷினில் ஊசியை மாற்றுகிற மாதிரி வெகு நேரம் குனிந்துகொண்டிருந்தாள். "ஊர்ல சொன்னா தாங்கிக்கலாம். ஊரு அப்பிடித்தான். அவரு சொல்லிட்டாரே சார்."

உத்திரம் வந்தது. பத்து மணி வெயிலில் ஊர் மொத்தமும் மதகின் இந்தப் பக்கம் வாய்க்கால் மேட்டில் கூடியது. தெய்வசிகாமணியும் அன்றைக்குக் காரை விட்டு இறங்கியிருந்தார். அவருக்கு மட்டும் ஜமுக்காளம். பூசாரி கற்பூரம் ஏற்றிக் கை காட்ட, முந்நூறு பேர் ஒரே சமயத்தில் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தோம். நானும் விழுந்தேன். ஆனால் முகத்தைக் கவிழ்க்காமல் கன்னத்தை மண்ணில் வைத்து மதகின் அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலனி முனையிலிருந்து மண்ணாங்கட்டி வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பு. கை வீசி நடந்து வந்தார். பலகையைத் தாண்டினார்.

அதன் மேய்ச்சல் நின்றது. இமை இறங்கி ஏறியது. கால்கள் நாலும் அகண்டன, வயிறு மண்ணில் அழுந்தியது. அஞ்சலாட்சி சொன்னதை அப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன்: விலாவுக்குக் கீழே அந்த மெல்லிய தோல் அடிபட்ட புறா மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய உடம்பு ஒரு கிழவனைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வால் எழும்பியது.

மண்ணாங்கட்டி நின்றுவிட்டார். நின்றாரே தவிரக் குனியவில்லை.

மதகுக் கட்டையிலிருந்து அஞ்சலாட்சி எழுந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருந்தாளாம். டக், டக், டக் என்று என்றைக்கும் இல்லாத வேகத்தில் கட்டை ஊன்றி அதன் முகத்துக்கு முன்னாலேயே ஓடினாள், அப்பனிடம் போனாள், போய் இரண்டு கட்டையையும் கீழே போட்டாள். போட்டுவிட்டு அவர் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவர் மேலேயே சாய்ந்துவிட்டாள். விட்டால் அவள் விழுந்துவிடுவாள். அவர் அவளைப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்துப் பிடித்தார்.

குண்டு ஆகாயத்தில் நின்றது. அது பார்த்தது. அங்கே இருந்தது ஓர் உடம்பு, நாலு கால். இமை இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. முந்நூறு பேரில் பாதிப்பேர் இதற்குள் தலையைத் தூக்கியிருந்தோம்.

"மெதுவா வாப்பா. ஓடாத. எங் காலுக்கு ஏத்தமாரி வை" என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

அவர் வைத்தார். ஒரு அடி, அவள் காலை இழுத்து வைக்கும் வரை நின்று, மறுபடி ஒரு அடி. மகளோடு சேர்ந்து அவர் தெருவில் நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் பத்தடி முன்னால் போய்விடுகிற ஆள். நாற்பது அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. பாதி வழியில் வால் இறங்கியது. முக்கால் வழியில் அது மறுபடி கீரை வாரும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மண்ணோடு சேர்ந்து கன்னத்தில் அப்பிக்கொண்டது.

இந்தப் பக்கத்துப் பலகைக்கு வந்ததும் அவளை மைல்கல்லில் உட்கார வைத்தார். கழுத்தை இறுக்கியிருந்த கைகளைப் பிரித்தபோது உள்ளங்கைகளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் கொடுவாள் பிடித்துக் காய்த்த கை அவருடையது. தம் கையையும் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"இது எப்பம்மா இப்பிடிக் காச்சிப்போச்சி?"

"சின்ன வயசுலியே. கட்ட புடிச்ச நாள்லேந்து."

அவர் திரும்பி மதகைப் பார்த்தார். கட்டைகள் இரண்டும் அந்தக் கோடியில், வால் குண்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தன. அவர் செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்து மகள் மடியில் வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்பா. வேற செஞ்சிக்கலாம்பா. நீ போவாத."

"எம் பொண்ணு காலு அங்க கெடக்குது" என்றார் மண்ணாங்கட்டி.

பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கையை ஊன்றி, முந்நூறு பேருக்கு முன்னால் தவழ்ந்து போனார். ஜமுக்காளத்தின் பக்கமிருந்து, "குனிஞ்சிட்டான்யா, குனிஞ்சிட்டான்" என்று ஒரு குரல் கிளம்பியது. யாரும் அதோடு சேர்ந்து சிரிக்கவில்லை. நெடிய உடம்பு, தவழப் பழகாத உடம்பு, முட்டியில் பட்டை இல்லை, கருங்கல் ஜல்லியில் தோல் பிய்ந்து வேட்டியில் சிவப்பு ஊறியது. அது தலையைத் திருப்பி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ந்தது. அவர் போய், ஒரு கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றதை முதுகில் குறுக்கே போட்டுக்கொண்டு, அதே மாதிரி தவழ்ந்து திரும்பினார்.

வந்ததும் எழுந்து நின்றார். மகள் மடியிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கட்டையிலும் ஒட்டியிருந்த சேற்றை நுனியிலிருந்து பிடி வரைக்கும் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.